செவிலியும் குழவியும்

யானையின் இளமைப்பெயரைக் கன்று என்பதோடு நிறுத்தாது, குழவி என்னும் பெயரையும் அதற்கு உரித்தாக்கினார் தொல்காப்பியர். மக்களுக்கு அவர் வகுத்த இளமைப்பெயர்கள் குழவி, மகவு என்னும் இரண்டே. வேறு சில விலங்குகளுக்கும் குழவிப்பெயர் செல்லும் என்பது உண்மையே. எனினும் காட்டுக் களிற்றின் மகவும் மனையகத்து மகவும் மரபியலில் ஒரு பெயரால் வழங்குதல் கருதத்தக்கது.

கார்த்திகி கொன்சால்வசு இயக்க, 2022-இல் வெளிவந்து, 2023 மார்ச்சுத் திங்களில் ஆசுக்கர் விருது பெற்ற 'தி எலிபெண்ட் விசுபரர்சு' என்னும் ஆவணப்படம் இவ்வழக்கை நினைவூட்டுகின்றது. முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் காட்டுநாயக்கர் குடியினராகிய பொம்மனும் பெள்ளியும், தாயிழந்த ரகு என்னும் யானைக் குழவியை வளர்த்த வரலாறே இதன் பொருள். பின்னர் அம்மு என்னும் குழவியும் வந்து சேர்கின்றது.

யானையோடு மெல்லப் பேசுவோர் என்னும் ஆங்கிலத் தலைப்பு எமக்கு உவப்பாக இல்லை. அது மந்திரம் அறிந்தாரைச் சுட்டுவது போன்றது. படத்தில் யாம் காண்பதோ ஊட்டுதல், நீராட்டுதல், கடிதல், காத்தல் என்னும் அன்றாடத் தொழில்களே. இவற்றைச் செய்பவளுக்கு அகமரபு செவிலி எனப் பெயரிட்டுள்ளது. வளர்த்த மகளைப் பிரிந்து வருந்துதலும் அவளுக்கு உரியது. மகளை இழந்து அழுத தன்னை ரகு தேற்றியதாகப் பெள்ளி கூறுமிடமும், வளர்ந்த ரகு வேறொருவர் பொறுப்பிற்கு மாற்றப்படுமிடமும் இப்படத்தின் உயிர்நிலைகள். அவ்விடங்களில் இயக்குநர் இசையைச் சற்றுக் குறைத்திருப்பின் துயரம் இன்னும் ஆழ்ந்திருக்கும்.

எம் குறை வேறு. செவிலியைப் பாடும் மரபு நற்றாயை மறப்பதில்லை. மகள் உடன்போயவழி இருவரும் புலம்புவர். ரகுவின் நற்றாய் யாண்டையள்? அக்குழவி முதுமலையில் பிறந்ததன்று. கிருட்டிணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பகுதியிலிருந்து 2017-இல் மீட்கப்பட்டது. தாய் மின்சாரம் தாக்கி மாய்ந்தது. நாய்கள் கடித்த புண்ணோடு வந்த அக்குழவிக்கு நீலமலைச் சாரல் அயல்நாடே. அந்நாட்டில் அது காலூன்றிய கதையை அழகுறக் கூறும் படம், அதன் பிறந்த நாட்டைச் சில சொற்களில் கடந்து விடுகின்றது. தம் மாவட்டத்துக் குழவியின் வரலாறு இது என்று பர்கூரில் இருந்து காண்பார் எளிதில் உணரார்.

கலைஞர் தமக்கு வேண்டிய எல்லையை வகுத்துக்கொள்ளலாம். நாற்பது நிமிட அளவினதாகிய படத்தில் அனைத்தும் அடங்கா என்றும் விடை கூறலாம். ஆயின் இங்கே விடப்பட்டது கதையின் காரணம். ஒசூர்ப் பக்கத்துக் காடுகளை அடுத்துக் கேழ்வரகும் காய்கறியும் விளையும் நிலங்கள் உள்ளன. அவற்றை நாடி யானைகள் இறங்குகின்றன. வேலியில் களவாக மின்னோட்டம் பாய்ச்சுவோரும் உளர். உழவன் இழக்கும் விளைவும் சிறிதன்று. அவனையும் படத்தில் காணோம். காரணம் மறையின் அன்பு மருந்தாக மட்டும் தோன்றும். நோய் தானே வந்தது போலாகும்.

அண்டை மாவட்டமாகிய தருமபுரியில், மாரண்டஅள்ளியை அடுத்து, அதே 2023 மார்ச்சின் முதற் பகுதியில் மூன்று யானைகள் மின்வேலியிற் பட்டு இறந்தன. இரு குழவிகள் எஞ்சின. விருது அறிவிக்கப்பட்ட அந்நாள்களில் பொம்மன் தருமபுரிப் பகுதிக்குச் சென்றிருந்தார், தாயைப் பிரிந்த யானைக் குழவியைப் பேணும் பணிக்காக.