"சத்தம் கேட்டா போன் போடுறது தப்பா சார்?" – உணர்வு மேலாண்மை வகுப்புகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

போன மாதம் எங்கள் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் 'உணர்வு மேலாண்மை' என்று ஒரு நாள் பயிலரங்கம் நடந்தது. கல்லூரிப் பெயர் வேண்டாம். இது அந்தக் கல்லூரியின் குறை மட்டும் இல்லை. அங்கே நண்பர் ஒருவர் வேலை பார்ப்பதால் பின்வரிசையில் உட்கார எனக்கும் இடம் கிடைத்தது. நாலு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை மூன்று முறை படித்தேன். இந்தக் குறிப்பு அந்தக் கையேட்டைப் பற்றியது, அது எந்த மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதைப் பற்றியது.

கையேட்டில் இருப்பது இதுதான்: நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு. தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுது. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் செல்போனைத் தள்ளி வை. எதிர்மறை எண்ணம் வந்தால், 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று உன்னையே கேள். எதுவுமே தப்பில்லை. பயிற்சியாளரும் நல்ல மனுஷன், பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார்.

கேள்வி நேரத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். அச்சங்குளம் பக்கம். அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை. (பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம், தீப்பெட்டி ஆபீஸ் மாதிரி.) அவள் கேட்டது: "சார், எங்கயாச்சும் டம்முன்னு சத்தம் கேட்டா அம்மாவுக்குப் போன் போட்டுப் பாக்காம என்னால இருக்க முடியல. கிளாஸ்ல இருந்தாலும் வெளிய ஓடிருவேன். அது தப்பா சார்?"

பயிற்சியாளர் கனிவாகத்தான் சொன்னார். "அது ஓவர் திங்கிங்மா. நடக்காத ஒண்ணை மனசு கற்பனை பண்ணுது. அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம்னு உன்னையே கேட்டுப் பாரு."

அந்தப் பிள்ளை "சரிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ஆதாரம் என்ன என்று கேட்டால், ஆதாரம் இருக்கிறதே!

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பின்னால் வெளிவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு போட்டது. இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. இறந்தவர்களில் ஒருவர் கல்லூரி மாணவி, படிப்புச் செலவுக்காக வேலைக்குப் போனவர் என்று அப்போது செய்திகளில் படித்தேன். கேள்வி கேட்ட பிள்ளைக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

அதோடு முடிந்ததா? 2024 பிப்ரவரியில் இராமுதேவன்பட்டி. அதே வருஷம் மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. பெரிதாகச் செய்தியில் வந்தவை மட்டும்தான் இவை. இந்த மாவட்டத்தில் சத்தம் கேட்டு அம்மாவுக்குப் போன் போடுகிற பிள்ளையிடம் 'உன் எண்ணத்துக்கு ஆதாரம் என்ன' என்று கேட்பது, மழைக்காலத்தில் குடை எடுத்துப் போகிறவனிடம் ஏன் என்று கேட்பது போல.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும். 1960களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வு உள்ளவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை முறையின் ஒரு துண்டு அது. மனச்சோர்வு உள்ளவர் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று நினைக்கிறார். அது உண்மைதானா என்று அவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து சோதிக்கிறார்கள். நல்ல முறை, பலருக்குப் பலன் தந்த முறை. ஆனால் 'சேர்ந்து' சோதிப்பது என்பதுதான் அதன் உயிர். சிகிச்சையாளருக்கு முதலில் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், ஆள் வாழும் இடம் தெரிந்திருக்க வேண்டும். சோதித்துப் பார்த்ததில் பயம் நியாயமானது என்று தெரிந்தால், அடுத்த கேள்வி 'சரி, இதற்கு என்ன செய்யலாம்?' என்பதுதான். இருநூறு பேர் உட்கார்ந்த அரங்கில் அந்த இரண்டாவது கேள்வி வருவதே இல்லை.

இன்னொரு பெயரும் இங்கே வேண்டும். உணர்வுகளை மனிதர்கள் எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1998ல் ஒரு சட்டகம் கொடுத்தார். உலகம் முழுக்க இந்தத் துறையில் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ஐந்து இடங்கள் உண்டு. எந்தச் சூழலுக்குள் போவது என்று தேர்ந்தெடுப்பது முதலாவது. போன சூழலை மாற்றுவது இரண்டாவது. கவனத்தைத் திருப்புவது, அர்த்தத்தை மாற்றி யோசிப்பது, கடைசியாக உடம்பில் வந்துவிட்ட படபடப்பை அடக்குவது. நாலு பக்கக் கையேட்டை இந்த ஐந்தோடு வைத்துப் பார்த்தேன். எல்லாப் பயிற்சியும் பின்னால் உள்ள மூன்றில்தான் விழுகிறது. முதல் இரண்டுக்கு ஒரு வரி கூட இல்லை.

ஏன் இல்லை? முதல் இரண்டுக்கும் காசு வேண்டும், அதிகாரம் வேண்டும். தீபாவளி சீசனில் சனி, ஞாயிறு ஆபீஸ் வண்டியில் ஏறிப் போகும் பிள்ளை சூழலைத் தேர்ந்தெடுத்தா ஏறுகிறாள்? பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை. அவள் சூழலை மாற்ற முடியாது, கல்லூரியால் கொஞ்சம் முடியும். அந்தக் கொஞ்சத்தைப் பேசாமல் பிள்ளையின் மூச்சை மட்டும் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

உணர்வை மேலாண்மை செய்வது என்ற பேச்சுக்கும் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983ல் எழுதிய புத்தகம் விமானப் பணிப்பெண்களைப் பற்றியது. பயணி எவ்வளவு கத்தினாலும் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்தி. இதனால் தன் உணர்வு தனக்கே அந்நியமாகிப் போகிறது என்று அவர் கவலைப்பட்டு எழுதினார். ஒரு கவலையைக் குறித்த சொல் நாற்பது வருஷத்தில் நம்ம ஊர்க் கல்லூரிக்குத் திறன் என்று வந்து சேர்ந்திருக்கிறது, வேலைவாய்ப்புப் பயிற்சிக்குப் பக்கத்து நாற்காலியில்.

இதுவரை எழுதியதை மனநல ஆலோசகராக இருக்கும் தோழி ஒருவருக்கு அனுப்பினேன். அவர் போனில் கொஞ்சம் சூடாகவே பேசினார். "நீங்க மூச்சுப் பயிற்சியைக் கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு அம்மா போனை எடுக்கிற வரைக்கும் ரெண்டு நிமிஷம் இருக்கே, அந்த ரெண்டு நிமிஷத்துக்கு அவ கையில என்ன குடுப்பீங்க? குத்தகைச் சட்டமா?" நியாயம். என் முதல் வரைவில் மூச்சுப் பயிற்சியைக் கேலி செய்து ஒரு பத்தியே இருந்தது, எடுத்துவிட்டேன். நெஞ்சு படபடக்கும்போது மெதுவாக மூச்சை விடுவது உடம்பை இறக்கும், அது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் கொடுத்தால் எல்லோர் மனசும் தேறிவிடும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. இங்கிலாந்தில் 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மனக்கவனப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2022ல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்புகளை விட அது கூடுதல் பலன் தரவில்லை.

பலன் தந்தது எது? பீகார் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வு 2018ல் லான்செட் இதழில் வந்தது. ஒரே திட்டம்: சில பள்ளிகளில் அதற்கென்றே நியமித்த சாதாரண ஆலோசகர்கள் நடத்தினார்கள், சில பள்ளிகளில் ஆசிரியர்களே நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன, பள்ளிச் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம். நம்ம கல்லூரியில் யோசித்துப் பாருங்கள், இன்டர்னல் மார்க் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

இதை மனதில் வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல்களுக்கு வருவோம். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் படித்த 17 வயது மாணவியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 2022ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணிக்கை அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் நிற்கிறது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவு தெளிவாக இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. துயர இழப்பைச் சந்தித்த மாணவர்கள் மீது தனிக் கவனம் வேண்டும் என்கிறது. ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சி என்கிறது. டெலி-மனஸ் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்கிறது. (அந்த எண் 14416. தமிழில் பேசலாம், எந்த நேரமும். இதைப் படிக்கிற யாருக்காவது இன்று தேவைப்பட்டால் மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.)

எனக்கு இடிக்கிற இடம், 100 மாணவரோ அதற்கு மேலோ இருந்தால் 'குறைந்தது ஒரு' தகுதியான ஆலோசகர் என்ற வரி. 120 பேர் படிக்கும் இடத்துக்கும் ஒருவர், 3,000 பேர் படிக்கும் கல்லூரிக்கும் ஒருவர் போதும். உகந்த விகிதம் வேண்டும் என்று அடுத்த வரி சொன்னாலும் எத்தனைக்கு எத்தனை என்று எண் கிடையாது. நான் பார்த்த கல்லூரிகளில் 'மாணவர் ஆலோசனை மையம்' என்று பலகை இருக்கும், உள்ளே ஏதோ ஒரு துறையின் உதவிப் பேராசிரியர் கூடுதல் பொறுப்பாக உட்கார்ந்திருப்பார். எங்க ஊரில் 'கவுன்சிலர்' என்றால் இன்னும் வார்டு கவுன்சிலர்தான் ஞாபகத்துக்கு வருவார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, அந்த ஆவணம் கற்பனை செய்யும் மாணவர் விடுதியில் இருக்கிறார், கோட்டா மாதிரி ஊரில் இருக்கிறார், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். வழக்கு அப்படிப்பட்ட வழக்கு, அதனால் குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் ஊருக்குத் திரும்பி, ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிவிட்டுக் காலையில் பஸ் ஏறும் பிள்ளை அதில் எங்கேயும் தென்படவில்லை.

சூழலை மாற்றுவது என்றால் ஏதோ பெரிய புரட்சி என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவதில் தோற்ற பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்காமல் சீக்கிரமே துணைத் தேர்வு எழுதலாம். சென்னையில் 1986ல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், தேர்வுத் தோல்வித் தற்கொலைகள் குறைய இது உதவியது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதில் மூச்சுப் பயிற்சி இல்லை, நன்றிப் பட்டியல் இல்லை. ஒரு தேதியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதிரித் தேதிகள் நம்ம கல்லூரிகளிலும் நிறைய இருக்கின்றன. வெடி விபத்து நடந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் வருகைப் பதிவில் விலக்கு கொடுப்பது. பரீட்சைக் கட்டணத்தைத் தீபாவளி போனஸ் வந்த பிறகு கட்டலாம் என்று வைப்பது. யார் வீட்டில் யார் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறார் என்று வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது. இதில் எதற்கும் பயிலரங்கம் தேவையில்லை.

அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையை ரெண்டு வாரம் கழித்துக் கல்லூரி வாசலில் பார்த்தேன். அவள் கல்லூரியில் வகுப்பறைக்குள் செல்போன் கூடாது என்று விதி. அதனால்தான் வெளியே ஓட வேண்டியிருந்தது. பயிற்சியாளருக்கு அது தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பயிலரங்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறை மேடம் ஒருவர் மறுநாளே அவளைக் கூப்பிட்டாராம்.

"போனை வைப்ரேஷன்ல போட்டு டெஸ்க்குக்குக் கீழ வச்சுக்கோன்னு மேடம் சொல்லிட்டாங்க சார். எதாச்சும் சத்தம் கேட்டா அம்மாவே மிஸ்டு கால் குடுத்துரும்."

"இப்ப ஓடுறது இல்லையா?"

"நேத்து ஒரு லாரி டயர் வெடிச்சுச்சு சார். ஓடல. போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."