துன்பியலின் வீட்டில் பிறந்த இன்பியல்

துன்பத்தில் முடிவது துன்பியல், இன்பத்தில் முடிவது இன்பியல் என்னும் விளக்கம் நம் வகுப்பறைகளில் ஆழ வேரூன்றிவிட்டது. மாணவர் அதனைத் தேர்வுத் தாளில் எழுதுகின்றனர். நாமும் முழு மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். ஆனால், இவ்விரு வகையும் உருப்பெற்ற ஏதென்ஸ் நகரத்து நாடகங்களை எடுத்து உரசிப் பார்த்தால் அவ்விளக்கம் நிற்பதில்லை. பிழையின் ஒரு பகுதி நாம் ஆக்கிக்கொண்ட சொற்களிலேயே இருக்கின்றது. கிரேக்கர் வழங்கிய 'டிராகோடியா' என்னும் சொல்லுக்கு 'வெள்ளாட்டுப் பாடல்' என்று பொருள் கூறுவர். 'கோமோடியா' என்பது களியாட்டக் கூட்டத்தின் பாடல். முன்னதில் துன்பம் இல்லை. பின்னதில் நல்ல முடிவு என்னும் பொருளும் இல்லை. நாமோ முடிவையே பெயராக்கிவிட்டோம்.

யூரிப்பிடீஸ் எழுதிய 'அல்செஸ்டிஸ்' கி.மு. 438இல் அரங்கேறியது. கணவனுக்காக உயிர்விட்ட மனைவியை ஹெராக்ளீஸ் சாவுத் தெய்வத்தோடு மற்போரிட்டு மீட்டுவந்து கணவனிடம் ஒப்படைக்கிறான். மூன்று துன்பியல்களை அடுத்துக் கேலி நாடகம் நிற்கவேண்டிய நான்காம் இடத்தில் ஆடப்பெற்றது ஆதலின், இதனை விலக்கு என்று ஒதுக்குவாரும் உளர். 'அயோன்' நாடகத்தை ஒதுக்க அத்தகைய சான்று இல்லை. அப்பொல்லோ தெய்வத்தின் வன்செயலால் கருவுற்றுக் குழந்தையைக் கைவிட்ட கிரெயூசா, வளர்ந்து நிற்கும் மகனை யாரென்று அறியாமல் நஞ்சிட்டுக் கொல்ல முயல்கிறாள். அவனும் அவளைக் கொல்லத் துரத்தி வருகிறான். அந்நேரத்தில் அன்று குழந்தையை வைத்த கூடையும் அதனுள் இட்ட துணியும் அணியும் வெளிப்பட, தாயும் மகனும் தழுவிக்கொள்கின்றனர்.

அரிஸ்டாட்டிலை நோக்குவோம். அவர் ஓரிடத்தில் நல்வாழ்விலிருந்து வீழ்வதே சிறந்த துன்பியல் என்கிறார். அடுத்த பகுதியிலேயே, அறியாமையால் உறவினரைக் கொல்ல முற்பட்டவர் அச்செயல் நிகழுமுன் உண்மையை உணர்ந்து நிறுத்துவதே மிகச் சிறந்தது என்றும் கூறுகிறார். இம்முரண் அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்துள்ளது. நமக்கு வேண்டுவது இவ்வளவே: அச்சமும் இரக்கமும் எழுவதற்கு இறுதியில் பிணம் விழவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

இனி இன்பியலுக்கு வருவோம். டயோனிசஸ் பெருவிழாவில் அது கி.மு. 486இல்தான் முறையாக இடம்பெற்றது, துன்பியலுக்கு இளையது. ஐந்தாம் நூற்றாண்டின் இன்பியலை இன்று நாம் முழு நாடகங்களாக அறிவது அரிஸ்டோபனீஸ் வழியாகவே. எஞ்சியவை பதினொன்று. அவற்றில் கதை சிறிது, நகரமே பெரிது. பாடற்குழு ஒரு கட்டத்தில் கதையை நிறுத்திவிட்டு அவையோரை நோக்கி நேரே பேசும். கி.மு. 424இல் அரங்கேறிய 'குதிரை வீரர்'களில் ஆட்சியில் செல்வாக்கோடு இருந்த கிளியோனையே அவர் நார்நாராகக் கிழித்தார்.

கி.மு. 405இல் வந்த 'தவளைகள்' நம் பொருளுக்கு இன்றியமையாதது. இறந்த யூரிப்பிடீஸை மீட்டுவரக் கீழுலகம் செல்லும் டயோனிசஸ், அங்கே நிகழும் புலவர் போட்டிக்கு நடுவராகிறார். வீட்டுப் பொருள்களையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் மேடைக்குக் கொண்டுவந்தவன் நானே என்று யூரிப்பிடீஸ் அதில் பெருமை பேசுகிறார். அரிஸ்டோபனீஸ் அதனை நகைப்புக்குரிய பெருமையாகவே காட்டி, வெற்றியை ஏஸ்கிலஸுக்கு அளித்துவிடுகிறார். வரலாறு அளித்த தீர்ப்போ வேறு. எதனை அவர் எள்ளினாரோ அதுவே அடுத்த நூற்றாண்டு இன்பியலின் முதலீடாயிற்று.

அந்த இன்பியலின் தலைமகன் மெனாண்டர். அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களுள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருப்பது கி.மு. 316இல் பரிசுபெற்ற 'சிடுமூஞ்சி' ஒன்றே. அதுவும் எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியிலிருந்து 1958இல்தான் அச்சேறியது. இங்கே தலைவர்கள் இல்லை, போர் இல்லை. தந்தை, மகன், அடிமை, அண்டை வீட்டார் உண்டு. பாடற்குழு கதையோடு ஒட்டாமல் அங்கங்களின் இடையே ஆடிப்பாடிச் செல்கிறது. மக்களாட்சி வீழ்ந்ததால் இன்பியல் வாய் மூடியது என்பர். இஃது அரையுண்மை. மக்களாட்சி நிலைத்திருந்த கி.மு. 388இல் அரிஸ்டோபனீஸ் தாமே எழுதிய 'செல்வம்' நாடகத்திலேயே பாடற்குழு மெலிந்துவிட்டது.

மெனாண்டரின் 'நடுவர் தீர்ப்பு' பகுதி பகுதியாகவே கிடைத்துள்ளது. காட்டில் கிடந்த குழந்தையோடு இருந்த அணிகள் யாருக்கு உரியவை என்று இடையன் ஒருவனும் கரி சுடுபவன் ஒருவனும் வழக்காடுகின்றனர். பின்னவன், துன்பியல் நாடகங்களில் கைவிடப்பட்ட மக்கள் தம் குலத்தை அறிந்தது இத்தகைய அடையாளங்களால் அன்றோ என்று வாதிடுகிறான். இன்பியல் தன் பிறப்பிடத்தை ஓர் எளியவன் வாயால் ஒப்புக்கொள்ளும் இடம் இது. அரிஸ்டோபனீஸுக்கன்று, 'அயோன்' எழுதியவருக்கே மெனாண்டர் வழித்தோன்றல் என்பதற்கு இதனினும் வலிய சான்றை யான் கண்டதில்லை. வேடிக்கை என்னவெனில், தீர்ப்பு வழங்கும் முதியவர் ஸ்மிக்ரினீஸ், அக்குழந்தை தம் மகள் வயிற்றுப் பேரன் என்பதை அறியார்.

அம்மகளின் கணவன் காரிசியோஸ். மணமான ஐந்தாம் திங்களில் குழந்தை பெற்றாள் என்பதால் மனைவியை வெறுத்து வேற்றிடத்தில் தங்கியவன். திருமணத்திற்கு முன் ஒரு விழா இரவில், யாரென்று அறியாத பெண்ணொருத்தியை வன்முறைக்கு உள்ளாக்கியவனும் அவனே. அப்பெண் தன் மனைவியே என்பது இறுதியில் தெரியவரும், குடும்பம் ஒன்றுசேரும். இன்றைய வாசகர்க்கு இம்முடிவு உறுத்தவே செய்யும், உறுத்தவும் வேண்டும். ஆயினும் நாடகத்தின் உயிர் முடிவில் இல்லை. தந்தை அழைத்தும் கணவனைப் பிரிந்து வர மறுக்கும் மனைவியின் சொற்களை ஒதுங்கி நின்று கேட்ட காரிசியோஸ், தானும் ஒரு குழந்தைக்கு முறைகேடாகத் தந்தையானவன்தானே, அவளைப் பழிக்கத் தனக்கு என்ன தகுதி என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறான். குற்றவாளியைத் தேடித் தன்னையே கண்டடைந்த சோபோக்கிளீஸின் ஈடிபஸ் மன்னன் இங்கே அரண்மனையை விட்டுத் தெருவோர வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். குழந்தை தங்கள் இருவருக்கும் உரியது என்று தெரிந்த பின்னர் காரிசியோஸ் வருந்தியிருந்தால் அது எளிது. மெனாண்டர் அவ்வருத்தத்தை உண்மை வெளிப்படுமுன் வைத்தார்.