டர்போவை யார் சுழற்றுவது?

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்துப் பைபர் படகுகளின் சிறிய டீசல் இன்ஜின்களுக்கு டர்போ கிடையாது. ஒற்றை சிலிண்டர் விட்டுவிட்டுத் துப்பும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சீராகச் சுழற்றுவது கடினம். எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தப் புகையோடு ஏரிக்காற்றில் போகிறது. இப்படி வீணாவதைப் பிடிக்கத்தான் 1905-ல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும்.

குறையும் அந்தப் புகையில்தான். பழவேற்காடு–பொன்னேரி சாலையில் லாரியை முந்த மிதித்தால், புகை பெருகி இழுவை வருவதற்குள் எதிரே பஸ் வந்துவிடுகிறது. இந்தத் தாமதத்தைத் தவிர்க்கப் புகையை நம்பாத வழிகள் உண்டு. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் உடனே காற்றைத் தரும். ஆனால் இன்ஜினின் உழைப்பைத் தின்றே தரும். 2016-ல் வோல்வோ, 2 லிட்டர் தொட்டியில் அமுக்கிய காற்றை டர்போவுக்கு முன்னால் பீய்ச்சியது. கெட்டிக்கார யோசனைதான், ஆனால் ஒரு மூச்சுக்கு மேல் தாங்காது.

அடுத்தது மின்சாரம். இங்கே அசலையும் போலியையும் பிரித்தாக வேண்டும். 'மின் டர்போ' என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்கு விசிறி விற்கிறார்கள். கணக்குப் போடுவோம். 1,200 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் நொடிக்கு 55 லிட்டர் காற்றை இழுக்கும். அதை அரை பார் கூடுதலாக அமுக்கத் தேவைப்படும் திறன் 5 கிலோவாட்டை நெருங்கும். 12 வோல்ட்டில் 400 ஆம்பியர். விசிறி 30 ஆம்பியர் இழுத்தாலும் 360 வாட்தான். அமுக்குவது இருக்கட்டும், காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். அசலோ வேறு: ஆடி எஸ்க்யூ7 (2016) தன் மின் கம்ப்ரஸருக்கு 48 வோல்ட் அமைப்பையே கொண்டுவந்தது. கால் நொடியில் அது நிமிடத்துக்கு 70,000 சுற்று என்ற வேகத்தை எட்டியது.

எனக்குப் பிடித்தது 2022-ன் மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி43. அதில் மின்மோட்டார் டர்போ தண்டிலேயே, இரு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கோட்டைக்குப்பம் மீனவர்கள் ஏரியின் மீன்பிடி இடங்களைப் 'பாடு' வைத்து முறைமாற்றிக்கொள்வதுபோல, தொடக்கத்தில் மின்சாரத்தின் பாடு, வேகம் பிடித்ததும் புகையின் பாடு. ஃபார்முலா 1-ல் 2014 முதல் 2025 வரை இருந்த இதன் மூத்த உறவு, மிஞ்சிய சுழற்சியிலிருந்து மின்சாரத்தையும் எடுத்தது. செலவும் சிக்கலும் மிகுந்ததால் 2026 விதிகளில் அதைக் கைவிட்டார்கள்.

அந்தச் செலவு நம் தெருக்கார்களுக்கும் பொருந்தும். செந்தணலாய்க் கொதிக்கும் டர்பைனுக்குப் பக்கத்தில் மோட்டார், கூடவே 48 வோல்ட் பேட்டரி. பழுதானால் பொன்னேரி மெக்கானிக் என்ன செய்வார்? புகை நுழையும் வழியை இதழ்களைத் திருப்பிக் குறுக்கிப் பெருக்கும் டர்போ நம் டீசல் கார்கள் பலவற்றில் ஏற்கெனவே ஓடுகிறது. தாமதத்தில் கணிசமான பகுதியை அது தண்டில் மோட்டாரோ 48 வோல்ட் பேட்டரியோ இல்லாமல், புகையை வைத்தே குறைத்துவிடுகிறது. பத்து லட்ச ரூபாய்க் காருக்கு நான் கேட்பது அதைத்தான்.