குதிரையின் பெயரும் பூட்டிய பெட்டியும்

ஓரிடத்தில் வாழ்பவனுக்கு, அல்லது ஒரு பொருளைக் கையாள்பவனுக்கு, அதனை மாற்றியமைக்கும் உரிமை உண்டா என்னும் வினா கண்டியைச் சூழ்ந்த மலைப்பிரதேசத்திற்குப் புதியதன்று. ஹேவாஹெட்டையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்துவந்த தோட்டத் தொழிலாளர், காம்பராவின் பின்னே ஒரு குசினியை நீட்டிக் கட்டுவதற்கும் தோட்ட நிருவாகத்தின் இசைவை வேண்டிநிற்கும் நிலையிலேயே இருந்துவந்தனர். காணி உறுதி அவர்களிடம் இல்லை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆனால், பற்றுச்சீட்டு கையிலிருக்கும்போதும் அதே தடை நிலவுமாயின் அதற்கு யாது நியாயம் கூறுவது? பழைய வீடியோ விளையாட்டுப் பொறிகளில் நிறுவனத்தின் இசைவு பெறாத மென்பொருளை நிறுவும் முயற்சி, இவ்வினாவைத் தெளிவாக முன்வைக்கின்றது.

நின்டென்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட 'வீ' என்னும் பொறி, 10 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் விற்பனையாயிற்று. நிறுவனத்தின் இலக்கமுறைக் கையொப்பம் பெற்ற மென்பொருளை மட்டுமே இயக்குமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. 2007 டிசெம்பரில் பேர்லினில் நடைபெற்ற கணினியியலாளர் மாநாடொன்றில், இப்பூட்டினைத் திறக்கும் வழி எடுத்துக்காட்டப்பெற்றது. நினைவகத்தின் தடங்களைச் சாதாரணச் சாமணம் ஒன்றினால் இணைத்து, மறைத்துவைக்கப்பட்ட திறவுகோல்களைச் சிலர் வெளிக்கொணர்ந்திருந்தனர். அச்சாமணமே 'டீம் ட்வீசர்ஸ்' என்ற குழுப்பெயருக்கும் காரணமாயிற்று.

எனினும், பொறியின் மூடியைக் கழற்றாமலே அதனைத் திறப்பதற்கு அவர்கள் 2008 பெப்ரவரியில் வெளியிட்ட வழியே இலக்கிய மாணவரின் கவனத்திற்கு மிகவும் உரியது. 'ட்வைலைட் பிரின்சஸ்' என்னும் செல்டா விளையாட்டில் வீரனுக்கு ஒரு குதிரையுண்டு. அதற்குப் பெயரிடும் உரிமை விளையாடுபவனுக்கு அளிக்கப்பட்டிருந்தது. சேமிப்புக் கோப்பிலிருந்து அப்பெயரை வாசிக்கும்போது அதன் நீளத்தை விளையாட்டு சரிபார்க்கவில்லை. ஆகவே, ஒதுக்கப்பட்ட இடத்திற்கு மிஞ்சிய பெயரொன்று கோப்பில் எழுதப்பட்டபோது, அது வழிந்து நினைவகத்தின் அயலிடங்களை நிரப்பிற்று. பொறி அடுத்து யாது செய்யவேண்டும் என்னும் கட்டளையின் இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. அதன் பயனாக, எஸ்.டி. அட்டையிலிருந்த புதிய நிரலொன்று இயங்கத் தொடங்கியது. 2008 ஜூனில் வெளிவந்த திருத்தப் பதிப்பொன்றின் மூலம் நிறுவனம் இத்தகைய கோப்புகளை அழிக்க முற்பட்டது. வழிகள் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டன. 2011 இல் கண்டறியப்பட்ட வழிக்கு விளையாட்டுக்கூடத் தேவைப்படவில்லை. பொறியின் செய்திப் பலகைக்கு வந்த ஒரு கடிதமே போதுமானதாயிற்று.

இதனை வெறும் கள்ளத்திறப்பு என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், ஆக்கியோன் கருதாத பொருளைப் பனுவலின் எழுத்திலிருந்தே வெளிக்கொணரும் நுண்வாசிப்புக்கும் இதற்கும் உறவுண்டு. இரண்டிலும் வாசிப்பவன் பனுவலை அதன் ஆசிரியனிலும் பார்க்க உன்னிப்பாக அறிந்திருத்தல் வேண்டும். பயனை நோக்குமிடத்தும் இம்முயற்சியின் நியாயம் புலனாகும். 2014 மே மாதத்தில் நின்டென்டோ தன் இணைய விளையாட்டுச் சேவையை நிறுத்தியது. 2019 ஜனவரியில் வீ பொறியின் இணையக் கடையும் மூடப்பட்டது. நிறுவனம் கைவிட்ட பின்னரும் அப்பொறிகள் ஒன்றோடொன்று விளையாட முடிகின்றதெனில், ஆர்வலர் தாமே அமைத்த மாற்றுச் சேவைகளே அதற்குக் காரணம். செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதியவனுக்குக் கடன்பட்ட தமிழ்ச் சமூகம், இப்பணியின் பெறுமதியை உணர்வதற்குப் பெரிதும் சிரமப்படவேண்டியதில்லை.

ஆயினும், திறப்பது வேறு, திருடுவது வேறு என்பதை வற்புறுத்தாத எந்த மதிப்பீடும் முழுமையுறாது. திறந்த பொறி என்றவுடன் பிரதிசெய்த இறுவட்டுகளை விளையாடும் பொறி எனக் கொள்வதே பொதுவழக்கு. திறந்து கொடுப்பதற்குக் கூலி வாங்கும் வணிகமும் அவ்வழக்கினையே சார்ந்துள்ளது. 'ஹோம்ப்ரூ சனல்' என்னும் இலவச மென்பொருளை ஆக்கியவர்களோ, இதற்குப் பணம் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டவரே என்னும் எச்சரிக்கையை அதன் நிறுவியிலேயே பொறித்திருந்தனர். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கின்றது. நியாயமான பயன்பாட்டையும் ஏற்றுக்கொள்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்திலேயே நேர்மையான ஆர்வலன் நிற்கவேண்டியவனாகின்றான்.

அந்நேர்மை நிறுவனத்தின்பால் மட்டும் காட்டப்படவேண்டியதொன்றன்று. 2025 ஏப்ரிலில் ஹோம்ப்ரூ சனலின் ஆக்கப்பணி நிறுத்தப்பட்டது. அது சார்ந்திருந்த அடிப்படை நிரற்றொகுதியொன்றில், யாவரும் பயன்படுத்துமாறு திறந்தளிக்கப்பட்ட பிறரது நிரல்கள் ஆக்கியோர் பெயர் நீக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டுள்ளன என்ற குற்றச்சாட்டே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. உடைமையாளரின் பூட்டை மறுத்தெழுந்த இயக்கம், உழைத்தவரின் பெயரை மறைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டமை இவ்வரலாற்றின் கசப்பான முரணாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், பூட்டை உடைத்தமையினால் மட்டும் எவனும் உரிமையாளன் ஆகிவிடுவதில்லை என்பது பெறப்படும். திறந்தபின் யாது ஆக்கப்பட்டது, எவர்க்குக் கடப்பாடு தெரிவிக்கப்பட்டது என்பனவே அளவுகோல்களாதல் வேண்டும். வீ பொறிக்கு நிறுவனம் வழங்கிய மொழிகளுள் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. பேராதனை மாணவனொருவன் மூலையிற் கிடக்கும் அத்தகைய பொறியொன்றைத் திறந்து, அதன் திரையில் தமிழ் எழுத்தைத் தோற்றுவிக்கும் சிறு நிரலொன்றைத் தானே எழுதி, தனக்கு வழிகாட்டியோரின் பெயர்களையும் அதிற் பொறிப்பானாயின், அப்பொறி அன்று முதல் அவனுடையதாகும். பிரதிசெய்த நூறு விளையாட்டுகளை அதில் அடுக்கிவைப்பவன், பிறர் வீட்டில் வாடகையின்றி இருப்பவனே ஆவான்.