கோப்பு யாருடையது? ஊட்டி மைப்படிகளும் கூகுள் டிரைவும்

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அட்மின் அவருடைய கணக்கை நீக்கப் போனால், கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஒரு கேள்வி கேட்கும்: இவருடைய டிரைவ் கோப்புகளை யாருக்கு மாற்றுவது? அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், கணக்கை மீட்க 20 நாள் அவகாசம். அப்புறம் போனது போனதுதான்.

நல்ல வசதிதானே என்பீர்கள். எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. அதைச் சொல்ல ஊட்டிக்குப் போகணும்.

1886-ல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாண அரசின் கல்வெட்டு ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். 1903-ல் அவர் ஊருக்குத் திரும்ப, அந்த இடத்துக்கு வெங்கையா வந்தார். பிறகு பல காலம் ஊட்டியில் இருந்த இந்த அலுவலகம் 1966-ல் மைசூருக்கு மாறியது. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தடவி எடுத்த ஆயிரக்கணக்கான மைப்படிகளும் கூடவே போயின.

ஆள் மாறினார், ஊர் மாறியது. ஆனாலும் இன்றைக்கும் ஆய்வாளர்கள் ஒரு கல்வெட்டை ஆண்டையும் எண்ணையும் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். ஆண்டறிக்கையில் அந்த எண்ணுக்கு நேரே ஊர், கோயில், எந்தச் சுவர், மொழி, அரசன், ஆட்சியாண்டு, சுருக்கம் எல்லாம் இருக்கும். படி எடுத்தவர் யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. படி முதல் நாளிலிருந்தே அலுவலகத்தின் சொத்து.

டிரைவில் நிலைமை தலைகீழ். ‘மை டிரைவ்’ பகுதியில் யார் உருவாக்கினாரோ அவரே உரிமையாளர். உரிமையை மாற்றினால் பழைய இணைப்புகள் உடையாது, அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் மொத்தமும் போனவர் பேரில் ஒரு ஃபோல்டராக அடுத்தவர் தலையில் வந்து விழும். உள்ளே ‘ஃபைனல் 2’, ‘புது லிஸ்ட்’ என்று நூறு கோப்பு. எது எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். எந்த விவசாயி எந்த நாள் எத்தனை கிலோ பச்சை இலை கொடுத்தார் என்ற கணக்கு கிளார்க்கின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. அவர் போய்விட்டால் அங்கே அட்மினே கிடையாது. அவராக உரிமையைக் கொடுத்து, இன்னொருவர் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. அந்தக் கணக்கை 2 ஆண்டு யாரும் தொடாவிட்டால் கூகுளே நீக்கிவிடலாம். இதில் மாட்டுவது விவசாயியின் இலைக்காசு.

ஆக, மாற்றும் பட்டன் என்பது தப்பான ஆரம்பத்துக்குப் போடும் ஒட்டு. கோப்புக்குத் தனிமனிதர் உரிமையாளராக இருப்பதே கோளாறு. நிறுவனமே உரிமையாளராக இருக்கும் ‘ஷேர்டு டிரைவ்’ 2017-லேயே வந்துவிட்டது. ஆனாலும் புதுக் கோப்பு திறந்தால் அது போய் உட்காருவது வழக்கமாக ‘மை டிரைவ்’லதான்.

அலுவலகத்தின் பேரில் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. மைசூரில் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021-ல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. உரிமையாளர் யார் என்பதில் குழப்பமில்லை. படிக்க வேண்டியவர் கைக்கு எட்டுகிறதா, ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்பதே வழக்கு. டிரைவின் பட்டன் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை.

உங்கள் அலுவலகத்தில் இன்றைக்கே ஒன்று செய்யலாம். முக்கியக் கோப்புகளைப் பொது இடத்துக்கு நகர்த்தி, ஒரு பட்டியல் போடுங்கள்: எண், என்ன கோப்பு, எந்தக் காலத்துக்கு, யாருக்குத் தேவை. யாராவது ராஜினாமா கடிதம் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.