சிலை மேல் இரண்டு நிழல்

தேனிப் பக்கம் தேவாரத்திலும் போடியிலும் ஏலக்காய்ப் பச்சையை ஏழெட்டாகப் பிரித்துச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தட்டில் கொட்டிய காயைப் பார்த்ததுமே பதமாகக் காய்ந்ததா, காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிப்போனதா என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அதே ஆளை ஒரு வாட்டர்கலர் படத்தின் முன்னால் நிறுத்துங்கள். "நமக்கு இதெல்லாம் பிடிபடாதுண்ணே" என்று நகர்ந்துவிடுவார். கூட வந்தவர் நின்று பார்த்து, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்பார். முன்னவர் மேல் எனக்கு வருத்தம், பின்னவர் மேல் கோபம்.

வாட்டர்கலரைப் பார்த்துப் பழக, பூங்காவில் நிற்கும் சிலையை வரைந்த படத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பூ, சூரிய அஸ்தமனம், வள்ளம் எல்லாம் நிறத்தாலேயே தப்பித்துக்கொள்ளும். வெள்ளைச் சலவைக்கல்லுக்கு அந்த வசதி இல்லை. அதன் மேல் வெளிச்சம் என்ன செய்கிறது என்பதை மட்டும்தான் ஓவியர் வரைய முடியும். பெங்களூரு கப்பன் பார்க்கில் விக்டோரியா ராணி நிற்கிறாரே, தாமஸ் பிராக் செதுக்கி 1906இல் திறக்கப்பட்ட சிலை, அதைப் போல ஒன்று இதற்குப் போதும். ஏறத்தாழ அதே காலத்தில் ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பழைய போபோலி தோட்டத்தில் உட்கார்ந்து சிலைகளை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தார். 1909இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய 83 வாட்டர்கலர்களை ஒரே மூச்சில் வாங்கியபோது 'போபோலி' என்ற படமும் அதில் போயிற்று. இணையத்தில் கிடைக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

அடிப்படை இவ்வளவுதான்: வண்ணம் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் காகிதம் தெரியும். வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். வெளிரில் தொடங்கி அடர்த்திக்குப் போக வேண்டும், திரும்பி வருவது கடினம். காகிதம் 300 ஜிஎஸ்எம் பருத்தியாக இருந்தால் நல்லது. மீதியைப் பார்க்கப் பார்க்கத் தெரிந்துகொள்ளலாம்.

இனி நான் சொல்ல வந்தது. சிலையின் மேல் இருப்பது ஒரு நிழல் அல்ல, இரண்டு. ஒன்று, வெளிச்சத்திலிருந்து முகம் திருப்பிக்கொண்ட பக்கத்தில் சிலைக்கே உரிய நிழல். மற்றொன்று, கையோ கிரீடமோ மரமோ வெயிலை மறித்ததால் அதன் மேல் வந்து விழுந்த நிழல். இந்த இரண்டையும் ஒரே சாம்பல் நிறத்தில் பூசியவரின் படத்தை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

சொந்த நிழலுக்கு விளிம்பு கிடையாது. கன்னம் வளைகிற இடத்தில் வெளிச்சம் எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஈரக் காகிதத்தில் வண்ணத்தைத் தானாகப் பரவவிட்டுத்தான் அதைப் பிடிக்க வேண்டும். விழுந்த நிழலுக்கு விளிம்பு உண்டு. உடை மடிப்பின் மேல் கையின் நிழல் விழுந்தால் கோடு வெட்டியதுபோல் நிற்கும். அதற்குக் காகிதம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஒரே இழுப்பு, திரும்பத் தொடக்கூடாது. போடிமெட்டில் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். காகிதம் காயவே காயாது. முதல் நிழல் அருமையாக வரும், இரண்டாவது கசிந்து ஓடும். எந்த நிழல் நன்றாக வந்திருக்கிறது என்பதை வைத்தே அன்றைய காற்றில் ஈரம் எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

மர நிழல் இன்னும் சுவாரசியம். நிழலைத் தரும் பொருள் தள்ளிப் போகப் போக விளிம்பு மங்கும். இலைகளின் சிறு இடுக்குகள் வழியே விழும் வெயில் இலை வடிவத்தில் இருக்காது, வட்ட வட்டமாக இருக்கும். ஒவ்வொரு வட்டமும் சூரியனின் பிம்பம். சாய்வான இடத்தில் அது முட்டை வடிவமாக நீளும், தோளில் விழுந்தால் தோளோடு வளையும். அந்த வெயிலை இலை இலையாக வரைந்தவர் மரத்தடியில் உட்கார்ந்ததே இல்லை என்று அடித்துச் சொல்வேன். தாடைக்கு அடியில் பாருங்கள், நிழல்தான், ஆனால் தரையின் செம்மண் வெளிச்சம் மேலே எட்டிப்பிடித்து லேசாகச் சிவந்திருக்கும். வானத்தைப் பார்த்த மடிப்பில் விழுந்த நிழலோ நீலம். வெள்ளைக் கல்லில் இத்தனை நிறமா என்று கேட்காதீர்கள், படத்தைப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளையில் பழக விரும்பினால் ஓவியர் சில்பியிடம் போங்கள். ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். அந்தப் பக்கங்களில் இரண்டு நிழலையும் தேடிப் பாருங்கள், கண் தானாகப் பழகும்.

இப்போதைய மோஸ்தர் வேறு. சிலையை அரைகுறையாக வரைந்துவிட்டு, சுற்றிலும் வண்ணத்தைத் தெளித்து, கீழே நாலு சொட்டு வழியவிட்டு ரீல்ஸ் போடுகிறார்கள். வழிவது தண்ணீரின் குணம், அதில் ஓவியருக்கு என்ன பங்கு? விமர்சகர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சிலை யாருடையது, யார் வைத்தது, வைத்திருக்கலாமா என்று மூன்று பக்கம் எழுதுவார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாலாவது பக்கத்திலாவது படத்தைப் பார்த்திருக்கலாம்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், தூய்மைவாதிகள் காதில் போடவேண்டாம். சார்ஜென்ட் வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டையும் எடுத்து வைத்தவர்தான். காகித வெள்ளைதான் கற்பு என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், முகம் சுருங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. படத்தைப் பார்க்கும்போது சிலையின் முகத்தை முதலில் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வேன். முகம் தெரிந்தால் ஆளைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம், நிழல் தப்பிவிடும்.

பெங்களூரு வரை போக வேண்டியதில்லை. நம் பக்கம் தலைவர்களின் சிலைகள் பலவும் கம்பிக் கூண்டுக்குள்தான் நிற்கின்றன. காலை எட்டரை மணி வெயிலில் அந்தக் கம்பிகளின் நிழல் தங்கப் பெயின்ட் அடித்த மார்பின் மேல் கட்டம் கட்டமாக விழுந்து, சட்டை மடிப்பில் நெளிந்து, தோளில் வளைந்து போகும். விழுந்த நிழல் வடிவத்தைச் சொல்லும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் போபோலியிலும் கிடையாது. அதை யாரும் வரைந்து நான் இன்னும் பார்க்கவில்லை. வரைபவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் கூண்டை மட்டும் விட்டுவிட்டு வரைகிறார்கள்.