லீஸ்க்டேல் குருமனைக்கு ஒரு தடவை போய்விடுங்கள்!

பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போய் கிரீன் கேபிள்ஸ் வீட்டின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். எழுத்தாளர் லூசி மாட் மான்ட்கோமரியை எங்கே போய்ப் பார்ப்பது என்று யாராவது கேட்டால், நான் ஒன்டாரியோவில் உள்ள லீஸ்க்டேல் குருமனைக்குத்தான் வழி சொல்வேன். டொராண்டோவிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம் போல ஆகும். வயல், பண்ணை, மறுபடி வயல், அப்புறம் இந்த வீடு!

1886இல் கட்டியது. வெளிர்மஞ்சள் செங்கல், ‘எல்’ வடிவம், ஒரு மாடி. பிரமாண்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கூட வந்த நண்பர் காரைவிட்டு இறங்காமலே, “இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றார். இதுக்கேதான் ஐயா! கனடா அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருப்பது கட்டட அழகுக்காக அல்ல. கிராமத்துப் பிரெஸ்பிடீரியன் சபை தன் போதகருக்குக் கொடுத்த இந்தச் சாதாரண வீட்டில், மான்ட்கோமரி எழுதிய புத்தகங்களில் ஏறக்குறைய பாதி பிறந்திருக்கிறது. மொத்தம் பதினொரு புத்தகம்!

1911 ஜூலையில் அவருக்கும் போதகர் யூவன் மெக்டொனால்டுக்கும் கல்யாணம். ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவல் 1908இலேயே வெளிவந்து அவர் உலகப் புகழ் பெற்றாகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் தேனிலவை முடித்துக்கொண்டு வந்து குடியேறியது இங்கேதான். மாடியில் அறை அறையாகப் பார்த்தபோது குளியலறை எங்கே என்று தேடினேன். கிடையாதாம்! அவர் காலத்தில் இந்த வீட்டுக்கே குளியலறை இல்லை. அதைப் பற்றி நாட்குறிப்பில் நன்றாகவே குறைப்பட்டிருக்கிறார். புத்தகப் பணத்தில் வசதியான வீடு ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் குருமனை சபையின் சொத்து. போதகர் குடும்பம் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது முன்பக்கத்து வரவேற்பறை. அவர் எழுதியது அங்கேதான். நான் உள்ளே நின்ற சில நிமிடத்தில், சமையலறைப் பக்கம் யாரோ பேசிச் சிரித்தது காதில் விழுந்தது. மாடிப்படியில் ஒரு குழந்தை ஓடிய சத்தம் தலைக்குமேல் தடதடத்தது. கதவைச் சாத்தினாலும் வீடு முழுக்கக் காதுக்குள் வந்துவிடும்போல! பகலில் மிஷனரி சங்கம், ஞாயிறு பள்ளி, வாலிபர் சங்க நாடக ஒத்திகை, வீடு வீடாகச் சந்திப்பு. போதகர் அம்மாவுக்கு ஓய்வு ஏது? இத்தனைக்கும் நடுவே இரண்டு பிள்ளைகளை வளர்த்து (ஒரு குழந்தை இறந்தே பிறந்தது), ‘எமிலி ஆஃப் நியூ மூன்’ மாதிரி ஒரு நாவலையும் எழுதியிருக்கிறார் என்றால், கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

1919இலிருந்து கதை இருண்டுபோகிறது. அந்த ஜனவரியில் உயிருக்குயிரான, தாயின் சகோதரி மகள் ஃபிரெடெரிகா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சில மாதங்களில் யூவனுக்கு மனநோய் முற்றியது. கடவுள் தன்னை நித்திய நரகத்துக்கென்றே குறித்துவைத்துவிட்டார் என்று அந்தப் போதகர் நம்பினார்! சபையாருக்குத் தெரியாமல் மனைவி மறைத்துச் சமாளித்தார். பழைய நாட்குறிப்புகளை ஒரே அளவுப் பெரிய பேரேடுகளில் மறுபடி எழுதத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 1985 முதல் அச்சில் வந்த அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால், ஒரு குருமனைக்குள் என்ன நடந்தது என்று வெளியுலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. என்னைக் கேட்டால் வீட்டின் மதிப்பில் பாதி இதில் இருக்கிறது. போதகர்களின் வரலாறு எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அவர்கள் மனைவிமார் வரலாறு எங்கே கிடைக்கிறது?

வீட்டைப் புதுப்பித்தவர்கள் அந்த நாட்குறிப்பையும் அவரே எடுத்த புகைப்படங்களையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். வாழ்க அவர்கள்!

அங்கிருந்து நடந்தே தேவாலயத்துக்குப் போகலாம். 1906இல் கட்டிய செங்கல் கோயில். வெளியே பெஞ்சில் மான்ட்கோமரி வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். நண்பர்தான் முதலில் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்! 1925இல் மெதடிஸ்டுகளோடும் காங்கிரிகேஷனல் சபையோடும் சேர்ந்து ஒன்றுபட்ட திருச்சபையாகலாம் என்று பிரெஸ்பிடீரியன்களில் பெரும்பாலோர் போனபோது, லீஸ்க்டேல்காரர்கள் மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு யூவன் குடும்பம் நார்வல் ஊர்க் குருமனைக்கு மாறியது.

போவதற்கு முன்னால் ‘ரெயின்போ வேலி’ நாவலைக் கட்டாயம் படியுங்கள். 1919இல் வந்தது. தாயில்லாத போதகர் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கும் லூட்டியும், ஊர் வாய் அவர்களைப் பாடாய்ப் படுத்துவதும்தான் கதை. குருமனையில் உட்கார்ந்துகொண்டு குருமனையையே கிண்டலடிக்க என்ன துணிச்சல்! ஆனால் காணிக்கைப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கோல்ட்வின் லாப், ராபர்ட் புரூக்ஸ், மார்லி ஷியர் என்று மூன்று பெயர் இருக்கும். முதல் உலகப்போரில் செத்துப்போன பையன்கள். மூன்று பேரும் அவர் கணவரின் சபைப் பிள்ளைகள். இதைப் படித்துவிட்டு அந்த வரவேற்பறைக்குள் போனால் வேறு மாதிரி இருக்கும், நம்புங்கள். எல்லா நாளும் திறந்திருக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.